மூச்சு வாங்கும் இடம்



டிசெம்பர் மாத மாலை வேளையில் ஒருகொடவத்தைச் சந்தியைக் கடந்து கொட்டாஞ்சேனைப் பக்கமாகச் செல்கிறீர்களா? கொள்கலன் லொறிகளின் இரைச்சலுக்கு ஊடாகவும் ஏதேனும் ஓர் ஆலயத்தில் நத்தார் கீத ஒத்திகை நடைபெறுவது உங்கள் செவியில் விழும். நீங்களும் பாடகர் குழுவில் ஒருவரானால், அங்கே கற்பிக்கப்படும் ஒரு பாடத்தை அறிவீர்கள்: நீண்ட சுரத்தைப் பிடிக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் நீங்கள் மூச்சு வாங்கக் கூடாது. அவர் ஓயும்போது நீங்கள் பாடவேண்டும்; நீங்கள் ஓயும்போது அவர் பாடுவார். கேட்பவருக்கு இடைவெளியே தெரியாது.

ஒலிப்பதிவானால் பிழையை அழித்துவிட்டு மீண்டும் பாடலாம். நேரடி ஒலிபரப்பில் அதற்கு இடமில்லை. அங்கே அயலவரை நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

1989ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று கிழக்குப் பேர்லினில் அப்படியொரு இசை நிகழ்ச்சி நடந்தது. பேர்லின் நகரை 28 ஆண்டுகளாகப் பிரித்து நின்ற மதில் திறக்கப்பட்டு ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை இசைக்க, இரு ஜேர்மனிகளிலிருந்தும், சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளிலிருந்தும் வாத்தியக்காரர்கள் கூடினார்கள். நடத்தியவர் லெனாட் பேர்ன்ஸ்டைன். அவர் ஒரு யூதர்; நத்தார் தினத்தில், அதுவும் அந்த நகரத்தில் அவர் நின்றதை எண்ணிப் பாருங்கள்! இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. "மகிழ்ச்சி" என்ற சொல் வரும் இடத்தில் அன்று "விடுதலை" என்று மாற்றிப் பாடினார்கள்.

அந்த சிம்பொனியில் பாடகர் குழுவின் பணி விநோதமானது. முதல் மூன்று பகுதிகளிலும் அவர்களுக்கு ஒரு சுரமும் இல்லை. முக்கால் மணிநேரத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும். நான்காம் பகுதியில் ஒரு தனிக்குரல் எடுத்துக்கொடுத்த பின்னரே அவர்கள் வாய் திறப்பார்கள். அதன்பின் சோப்ரானோ குரல்கள் உச்ச சுரமொன்றை இறக்காமல் நெடுநேரம் பிடிக்கவேண்டிய இடம் வரும். அன்று மேடையில் பவேரியாவின் பாடகர்களும் கிழக்குப் பேர்லினின் பாடகர்களும் ஒரே குழுவாக நின்றார்கள். மதிலின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவருடைய மூச்சு எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்பதை உலகம் கேட்கவில்லை.

சாலொமோன் கட்டிய ஆலயத்தின் பிரதிஷ்டையை விவரிக்கும் 2 நாளாகமம் 5ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் பாடகர்கள், கைத்தாளங்கள், சுரமண்டலங்கள், அவர்களோடு பூரிகை ஊதிய 120 ஆசாரியர்கள். முழு வாத்தியக்குழு என்றே சொல்லலாம். நாம் கவனியாமல் கடந்துவிடும் ஒரு குறிப்பு அங்கே உண்டு. ஆசாரியர்கள் 24 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்துப் பணி செய்பவர்கள். ஆனால் அன்று எவரும் தம் வகுப்பு முறையைப் பார்க்கவில்லை (5:11). அதன் பின்னரே பூரிகையும் பாட்டும் ஒரே சத்தமாய் எழுந்தன. மேகம் ஆலயத்தை நிரப்பிற்று. இந்த ஒழுங்கு தற்செயலானதென்று எனக்குத் தோன்றவில்லை.

கொழும்பின் ஆலயங்கள் பலவற்றில் தமிழ் ஆராதனைக்கு ஒரு நேரம், சிங்கள ஆராதனைக்கு வேறொரு நேரம். ஒரு கூட்டம் வெளியேற, மறு கூட்டம் உள்ளே வரும். வாசலில் ஒரு புன்னகையோடு சரி. யுத்தம் 2009இல் முடிந்தது. நத்தார் கீத ஆராதனைக்கு இரு குழுக்களும் சேர்ந்து பாடும் ஆலயங்களில், உங்கள் பக்கத்தில் நிற்பவருடைய சகோதரன் அந்த ஆண்டுகளில் எங்கே நின்றான் என்று நீங்கள் கேட்பதில்லை. உங்கள் சகோதரனைப் பற்றி அவரும் கேட்பதில்லை. ஆயினும் நீண்ட சுரம் வரும்போது உங்கள் மூச்சுக்கு அவரே பொறுப்பு.

இவ்வாரம் ஒத்திகைக்குச் செல்லும்போது, சற்று முன்னதாகவே போங்கள். அதே வாங்கில் வந்து அமரும் அவருடைய பெயரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.