ஒரு கோட்டின் பொறுப்பு

புகைப்படம் கண்ணில் படும் அனைத்தையும் காட்டும். தொழில்நுட்ப ஓவியமோ தேவையானதை மட்டுமே காட்டும். இயந்திர உறுப்புகளைப் பிரித்து, பொருத்தும் வரிசையிலேயே நிறுத்திக் காட்டும் படம் இதற்குச் சிறந்த சான்று. 500 ஆண்டுகளுக்கு முன்பே லியனார்டோ டாவின்சி கையாண்ட முறை இது.

அண்மையில் கியர்பாக்ஸ் ஒன்றுக்கு நான் வரைந்த அத்தகைய படத்தைச் சக ஓவியர்களிடம் காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்தேன். ஒருவர், “ஆயில் சீல் திரும்பியிருக்கிறதே?” என்றார். அதன் ரப்பர் விளிம்பு எண்ணெய் உள்ள பக்கத்தை நோக்க வேண்டும். நான் வெளிப்பக்கமாக வரைந்திருந்தேன். படத்தை நம்பி ஒருவர் அவ்வாறே பொருத்தினால் எண்ணெய் கசியும். பற்சக்கரங்கள் உலர்ந்து தேயும்.

காலக்கெடு நெருங்கினால் இத்தகைய கலந்துரையாடலைத்தான் முதலில் கைவிடுகிறோம். அது ஓய்வுநேரப் பேச்சன்று. எங்கள் பணியின் இறுதிக் கட்டம்.