எவ்வளவு குடித்தாலும் ஸ்டெடியா?

முதல் நாள் ஒரு கட்டிங்கிலேயே தலைசுற்றியவருக்குச் சில வருஷங்களில் குவாட்டர் போதவில்லை. "அண்ணன் எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடி" என்று கூட இருப்பவர்கள் பெருமைப்படுகிறார்கள். உடம்பு பலப்பட்டுவிடவில்லை, மூளை மாறியிருக்கிறது.

நரம்புகளை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளுக்கு மது வலுவூட்டுகிறது. தூண்டிவிடும் குளூட்டமேட்டைத் தடுக்கிறது. தினமும் இப்படி அமுக்கப்படும் மூளை, காபாவுக்கு மசிவதைக் குறைத்து, குளூட்டமேட்டின் பக்கம் சாய்ந்துகொள்கிறது. பிரேக்கை மிதித்தபடியே ஆக்சிலேட்டரை முறுக்கிய வண்டியின் நிலை அது. தள்ளாடாமல் நடப்பதால் ரத்தத்தில் மது குறைந்துவிடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம்; "எனக்கு ஏறவே இல்லை" என்ற வாதம் செல்லாது.

போதை இறங்கியதும் பிரேக் விடுபடுகிறது. விடியுமுன் விழிப்பு, படபடப்பு, காரணமில்லாத பயம், டீ கிளாஸ் தளும்பும் கைநடுக்கம், பிள்ளைகள் மேல் எரிச்சல். ஒரு ரவுண்டு உள்ளே போனதும் எல்லாம் அடங்குவதால், குடித்தால்தான் மனசு நிற்கிறது என்று நம்பிவிடுகிறார். அந்தப் பதற்றத்தைக் கொண்டுவந்ததே குடிதான். நிறுத்திய சில வாரங்களில் பலருக்கு மனச்சோர்வும் தெளிகிறது.

ஆனால் தினமும் அதிகமாகக் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம், இல்லாத பூச்சியைத் தட்டிவிடலாம். பேய் பிடித்ததென்று மந்திரிக்கக் கூட்டிப்போகும் அந்த நேரத்தில் உயிரே போகலாம். 2020 ஊரடங்கில் மதுக்கடைகள் திடீரென மூடப்பட்டபோது இந்த நிலையில் பலர் மருத்துவமனைக்கு வந்தார்கள். வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவதும் ஆபத்து. தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்திருப்பவருக்கு அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். "தினமும் குடிப்பவர்" என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

குடியால் வரும் மனநலப் பாதிப்பையும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாகவே கணக்கில் எடுக்கிறது. அதனால் அரசு மருத்துவமனையில் சிகிச்சை கேட்பது உரிமை. மறுவாழ்வு மையம் என்ற பெயரில் சங்கிலியில் கட்டினால், அடித்தால் அது சட்டவிரோதம். சேர்க்குமுன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நோயாளியைப் பார்க்க விடாத இடத்தில் சேர்க்காதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416, இலவசச் சட்ட உதவிக்கு 15100. வலிப்போ பிதற்றலோ தொடங்கிவிட்டால் ஆலோசனைக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.