கொல்லைப்புறம் – 9: பந்தலை எங்கே போடுவது?

போன வாரம் மண்ணைக் கொத்தி, எருவிட்டு, ஆறப்போட்டோம். இந்த வாரம் மண்வெட்டிக்கு வேலை இல்லை. ஒரு தாளை எடுத்துத் தோட்டத்தை வரையுங்கள். வடக்கு எது என்று முதலில் குறித்துவிடுங்கள்.

ஆடி பிறந்ததும் கையிலிருக்கும் விதையையெல்லாம் ஒரே நாளில் ஊன்றிவிடுவது பலருக்கு வழக்கம். ஆடிப்பட்டம் மானாவாரிக்காரர்களின் கணக்கு. ஈரம் தவறினால் அவர்களுக்கு வேறு வழியில்லை. குழாய்த் தண்ணீர் இருக்கும் நமக்குக் கவலை மறுமுனையில். சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த அடைமழையில் தக்காளிப் பூ உதிரும், கீரை மண்ணோடு படுத்துவிடும். ஆகவே ஐப்பசியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வெண்டை 45 நாளில் காய்க்கு வரும். ஆடி முதல் வாரம் ஊன்றினால் ஆவணிப் பாதியில் தொடங்கிப் புரட்டாசி முழுக்கப் பறிக்கலாம். கத்தரிக்கு நாற்றங்காலிலேயே ஒரு மாதம் போய்விடும், இப்போதே விதையுங்கள். தக்காளியை நான் ஆடியில் தொடுவதில்லை. கார்த்திகைக் கடைசியில் நாற்று விட்டால் மாசி, பங்குனியில் நிம்மதியாகப் பழுக்கும்.

பந்தல் அவரை தனி ரகம். பகல் குறுகினால்தான் பூக்கும். சித்திரையில் போட்டால் கொடி மட்டும் தளதளவென்று ஓடும், காய் கண்ணில் படாது. ஆடியில் ஊன்றினால் மார்கழி, தையில் கொத்துக் கொத்தாக வரும். இதற்குத்தான் வடக்கைக் குறிக்கச் சொன்னேன். ஆடி முடியும்வரை சென்னையில் உச்சிச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே விழும். அதை நம்பித் தெற்கு ஓரத்தில் பந்தலைப் போட்டால் மார்கழியில் மாட்டிக்கொள்வீர்கள். அப்போது சூரியன் தெற்கே சரிந்திருப்பதால், ஆறடிப் பந்தலின் நிழல் உச்சிவேளையிலேயே வடக்கே நாலடிக்கு மேல் நீளும். பின்னாலிருக்கும் பாத்தி வெளிறிப்போகும். பந்தல் வடக்கு ஓரத்தில்தான் இருக்கவேண்டும். இடமே இல்லை என்பவர்கள் நிழலில் தாக்குப்பிடிக்கும் இஞ்சி, மஞ்சளை பந்தல் நிழல் விழும் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

பாத்தியின் அகலம் மூன்றரை அடி போதும். இருபுறமும் நின்று நடுவரை கை எட்டவேண்டும், உள்ளே கால் வைத்தால் மண் இறுகும். தரையிலிருந்து அரை அடி உயர்த்திவிடுங்கள், மழைநீர் தேங்காது. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்றுக்கு வந்த வாடல் நோய் மண்ணில் தங்கி மற்றதையும் பிடிக்கும். போன முறை இவற்றில் ஒன்று நின்ற பாத்தியில் இம்முறை வெண்டையோ கொத்தவரையோ வரட்டும்.

கார்த்திகைத் தக்காளிக்கென்று ஒரு பாத்தியை இப்போதே ஒதுக்குங்கள். அதுவரை அதைச் சும்மா போடவேண்டாம். சணப்பை அடர்த்தியாகத் தூவி, பூவெடுக்கும் சமயத்தில், ஏறக்குறைய 45 நாளில், அப்படியே வெட்டி மண்ணுக்குள் மடக்கிவிடுங்கள். நாற்று நடுவதற்குள் மட்கிவிடும்.

(அடுத்த வாரம்: கத்தரி நாற்றங்கால்)