திகிரியில் மலரும் மண்

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தின் உப்பளப் பாத்திகளில் உவர்நீர் கதிரவன் வெம்மையால் வற்ற, உப்பு வெண்பூவாய்ப் பூக்கிறது. கண்ணுக்கு இனிய இக்காட்சியே மட்கலத்தில் நிகழின் குற்றமாகிவிடும். உவர் கலந்த மண்ணால் வனைந்த கலம் உலரும்போது, அகத்திருக்கும் உப்பு நீரோடு புறத்தே வந்து வெண்படலமாய்ப் படியும். நாளடைவில் மேற்பரப்பு உதிரவும் கூடும். ஆகவே, இக்கரையில் சக்கரம் பழக விழைவோர் முதற்கண் பெறவேண்டுவது மண்ணறிவே ஆகும். உவர்படாத ஏரி வண்டலைத் தேர்ந்து, நீரில் கரைத்து, கல்லும் வேரும் களைந்து, அளவோடு மணல் கூட்டி, காற்றுக்குமிழி இராதவாறு மிதித்துப் பிசைதல் வேண்டும்.

புறநானூற்று 32ஆம் பாடலில் கோவூர்கிழார், நலங்கிள்ளி எண்ணியவாறே நாடு அமையும் என்பதற்குக் குயவர்தம் சிறுவர் சக்கரத்தில் இட்ட பசுமண்ணை உவமை காட்டுகிறார். சிறுவரைச் சுட்டியமை நோக்கத்தக்கது. இளமையிலேயே கைப்பட வேண்டிய தொழில் இது. புதிதாய்ப் பழகுவோர்க்கு மண் எளிதில் பணிவதில்லை. சுழலும் திகிரியின் நடுவே மண்ணை அசையாது நிறுத்துவதே முதற்பாடம். நடு பிறழ்ந்தால் சுவர் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்து சரியும். நடு அமைந்தபின் பெருவிரலால் குழித்து, அகத்தொரு கையும் புறத்தொரு கையுமாய்ச் சுவரை உயர்த்தி, நூலால் அறுத்தெடுப்பர். பானையாயின், சற்று உலர்ந்தபின் உள்ளே கல்லும் வெளியே பலகையும் கொண்டு தட்டி அடியை மூடுவர். நிழலில் உலர்த்தியபின் சூளையேற்றுவர்.

இக்கடற்கரைக்கு இத்தொழிற்பெருமை புதிதன்று. மரக்காணத்திற்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நிகழ்த்திய அகழாய்வு, சக்கரத்தில் வனைந்து உருளைக்கருவியால் வரியிட்ட நேர்த்தியான கலவோடுகளை வெளிக்கொணர்ந்தது. 1971இல் புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்கலக்கூடத்தில் இந்தியாவின் பல பகுதியினரும் வந்து பயின்றனர். மண்ணுக்குப் பகையான உப்பு சூளையில் துணையாவதும் உண்டு. ஏறத்தாழ 1,200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உப்பைத் தூவினால், அதன் ஆவி மண்ணிலுள்ள மணற்சத்தோடு கூடிக் கலத்தின்மேல் கண்ணாடிப் பூச்சாகிறது. ஜெர்மானியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கையாண்ட முறை இது.

கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018 முதல் குயவர்க்கு மின்சக்கரம் வழங்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. மின்சக்கரம் கைவலியைக் குறைக்கும், கைத்திறனைத் தாராது. கலைநுட்பம் கையினின்று கைக்கே செல்வது. ஒரு தலைமுறை கல்லாது விடின், அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பார் இரார்.

திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயம் 14ஆம் வசனம், மனிதப் படைப்பைக் கூறுமிடத்து ஓசையெழும் மட்கலத்தை ஒப்புமையாக்குகிறது. அவ்வொப்புமையை ஓதும் நாம், கலம் வனையும் கையை இழிவாய் நோக்குதல் தகுமோ? நம் கல்லூரிகள் ஆண்டில் ஒரு கிழமையேனும் குயவர் ஒருவரை ஆசிரியராய் அழைத்து, உரிய ஊதியம் தந்து, மாணவரைச் சக்கரத்தின்முன் அமர்த்தட்டும். நடு நிறுத்தக் கற்ற கை, வாழ்விலும் நடுநிலை பிறழாதிருக்க வல்ல இறைவன் அருள்வானாக.