உப்பு போகும் வழி

பாலாற்றங்கரைத் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் சொல் குரோமியம். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்துக் கிணறுகள் வாயில் வைக்க முடியாமல் போனதில் பெரும்பங்கு சமையலறை ஜாடியில் இருக்கும் சாதாரண உப்புக்குத்தான். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பு தடவி அனுப்புகிறார்கள். தோல் பதனிடும் ஆலையான டேனரியில் முதல் வேலையே அதை ஊறவைத்துக் கழுவிக் கொட்டுவது. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போன கணக்கும் அதிலேயே இருக்கிறது.

தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். சுண்ணாம்பு கலந்ததும் அது கசடாகிக் கீழே படியும். மண்ணுக்குள் போனாலும் பெரும்பாலும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைடு எதிலும் ஒட்டாது, படியாது, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். சுத்திகரிப்பு நிலையத்து நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது. கொதிக்க வைத்தால் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. ராணிப்பேட்டையின் கதை வேறு. 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. புற்றுநோய் தரக்கூடிய இது உப்பைப் போலவே கரைந்து நகரும். கரைந்த உப்புகளை அளக்கும் வீட்டு டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராம் வரை (வேறு வழியில்லையென்றால் 2,000 வரை) இருக்கலாம், குரோமியத்துக்கு 0.05தான், சலுகை கிடையாது. ஐநூறின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மீட்டருக்கு எப்படித் தெரியும்?

கருங்கல் பூமியில் தண்ணீர் இயல்பாகவே உப்பாகத்தான் இருக்கும் என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. இந்தப் பாறை கடினத்தன்மையையும் ஃபுளோரைடையும் தரும். டேனரிக் கழிவு ஓடிய இடத்தில் மட்டும் சோடியமும் குளோரைடும் எகிறுவதற்குப் பாறையைக் குற்றம் சொல்ல முடியாது. மேட்டூர்ப் பக்கமிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது, வீட்டில் ஆர்ஓ வடிகட்டி இருக்கிறது, பிறகென்ன என்பது அடுத்த கேள்வி. காவிரி குடிப்பவர் தாகத்தைத் தீர்க்கும், தென்னந்தோப்புக் கிணற்றை மாற்றாது. ஆர்ஓ உப்பைப் பிரிக்கும், அழிக்காது. கழிவுக்குழாய் வழியே அது இன்னும் அடர்த்தியாகி அதே மண்ணுக்குத் திரும்புகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதே சங்கடம்தான்: கழிவுநீரைக் கடைசிச் சொட்டு வரை வற்றவைத்தாலும், வாங்க ஆளில்லாத கலப்பு உப்பு மிஞ்சும்.

எனவே உப்பைத் தண்ணீரில் சேருமுன்பே பிடிக்க வேண்டும். ஊறவைக்குமுன் உலர்ந்த உப்பைத் தட்டி உதிர்க்கலாம். குளிரூட்டி அனுப்பினால் உப்பே பெரிதாகத் தேவைப்படாது. தடை ரசாயனமல்ல, விலை. குளிர்சாதனத்துக்குப் பணம் வேண்டும், உப்போ மலிவு; அது மலிவாக இருப்பது, அதைக் கழுவி விடும் செலவைக் கிணற்றுக்காரர் ஏற்பதால். மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று 1996இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரி 30 அன்று இதே பாலாற்றுக்காக அதை மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.