மனையும் பணிமனையும்: மருதமுனைத் தறியை முன்னிறுத்தி ஒரு நோக்கு

இல்லம் இளைப்பாறும் இடம். பணிமனை உழைக்கும் இடம். இப்பாகுபாடு தொன்றுதொட்டு வருவது போல நமக்குத் தோன்றுகின்றது. வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கோ அஃது அண்மைக் காலத்ததென்பது புலனாகும். குயவரின் திகிரி முற்றத்திலே சுழன்றது. கொல்லரின் உலை மனையை ஒட்டியே எரிந்தது. நெசவாளரின் தறி வீட்டுக்குள்ளேயே கிடந்தது. 1771 ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டின் குரோம்ஃபோர்ட் என்னும் ஊரில் ரிச்சர்ட் ஆர்க்ரைட் என்பார் நீராற்றலால் இயங்கும் நூற்பாலையொன்றை நிறுவினார். அப்பெரும் பொறியை வீடுதோறும் கொண்டு செல்லல் இயலாதாகவே, மாந்தர் பொறியை நாடிச் சென்றனர். ஆலைமணி ஒலித்ததும் வேலை தொடங்குவதும், மீண்டும் ஒலித்ததும் முடிவதும் வழக்காயின. பிற்காலத்துக் கந்தோர்களும் இவ்வொழுங்கையே மேற்கொண்டன. வரவுப் பதிவேடும் கடிகாரமும் உழைப்பின் அளவுகோல்களாயின.

இலங்கையில் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் இவ்வளவுகோலையே கைக்கொண்டது. நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என அது வேலையை வரையறுத்தது. அளவிறந்த உழைப்பினின்று ஊழியரைக் காத்த நற்சட்டம் அது. எனினும், ஊழியர் ஓரிடத்தே கூடுவர், அங்கே மேலாளர் அவரைக் கண்ணாற் காண்பார் என்னும் எண்ணம் அதன் அடியிலே கிடக்கின்றது.

அவ்வெண்ணம் 2020 இல் ஆட்டங்கண்டது. கொரோனாப் பெருந்தொற்றால் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நாடெங்கும் ஊரடங்கு நிலவியபோது, உத்தியோகத்தர் வீட்டிலிருந்தே பணிபுரியுமாறு பணிக்கப்பட்டனர். 2022 இல் எரிபொருள் அருகியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அத்தியாவசிய சேவையினர் தவிர்ந்த அரசாங்க உத்தியோகத்தர் மீண்டும் வீட்டிலிருந்து பணியாற்றும் நிலை உண்டாயிற்று. இவ்விரு வேளைகளிலும் வேலை செய்யும் இடம் ஒரே நாளில் மாறியது. நிறுவனங்களின் நடைமுறை அவ்வாறு மாறவில்லை. கோப்பு கந்தோரில் இருக்க, அதனைப் பார்க்க வேண்டியவர் வீட்டில் இருந்தார். இடமாற்றம் எளிது, முறைமாற்றம் அரிது என்பது அப்பொழுது தெளிவாயிற்று.

அம்முறைமாற்றத்தை ஆராய்வோர் அயல்நாட்டு நூல்களையே தேடிச் செல்ல வேண்டுவதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்வோரை ஒரு கணக்கினுள் அடக்கி நடத்திய தொழிலொன்று அம்பாறைக் கரையோரத்திலேயே உண்டு. அது மருதமுனை நெசவு.

தறியின் கணக்கு

கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பை அடுத்துக் கடலோரமாக அமைந்தது மருதமுனை. இம்முஸ்லிம் ஊரின் கைத்தறிச் சேலைகளும் சாரங்களும் நாடறிந்தவை. கைத்தறித் தொழில் பலர் கைப்படுவது. நூலுக்குச் சாயமிடுதல், பா ஓடுதல், தார் சுற்றுதல், நெய்தல் ஆகிய வேலைகள் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு கைகளால் நிகழ்கின்றன. இவற்றை ஒரு மேலாளர் நாள் முழுவதும் நின்று கண்காணித்தல் இயலாது. ஆயினும் தொழில் நடைபெறுகின்றது. அஃது எவ்வாறு?

முதலாவது, வேலை இன்னதென்பது தொடக்கத்திலேயே தெளிவு. நூல் நிறுத்துக் கொடுக்கப்படுகின்றது; சேலையின் நீளம், அகலம், கரை, நிறம் ஆகியன முன்னரே சொல்லப்படுகின்றன. இரண்டாவது, கொடுத்ததும் பெற்றதும் கணக்குப் புத்தகத்தில் ஏறுகின்றன. மூன்றாவது, துணி திரும்பி வருங்கால் அது விரித்துப் பார்க்கப்படுகின்றது. இழை அறுந்த இடமும் கரை பிசகிய இடமும் அப்பொழுது வெளிப்படும். நெசவாளர் காலையில் நெய்தாரா, இரவில் நெய்தாரா என்று எவரும் வினவுவதில்லை. தமிழ்நாட்டின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இம்முறையையே தழுவின. சங்கம் நூலைக் கொடுக்கும். உறுப்பினர் வீட்டிலே நெய்து துணியைச் சேர்ப்பித்துக் கூலி பெறுவர். அச்சங்கங்களின் துணியை விற்றற்பொருட்டு 1935 இல் எழுந்த கோ-ஆப்டெக்ஸ் இன்றும் நிலைபெற்றுள்ளது.

வீட்டிலிருந்து பணிபுரிய விடும் நிறுவனம் முதலில் மேற்கொள்ள வேண்டியதும் இதுவே. வேலையைப் பகுத்துச் சொல்லுதல், ஒப்படைத்த நாளைப் பதிதல், முடிந்ததை நுணுகிப் பார்த்தல் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில், தலைவர்க்கு ஐயமும் ஊழியர்க்கு அச்சமும் மிகும். தொலைபேசியில் மணிக்கு ஒருமுறை அழைத்து, இருக்கின்றாரா என்று வினவுதல் மேற்பார்வையாகாது.

காணாத செலவும் காணாத உழைப்பும்

தறியின் வரலாற்றில் நிழற்பக்கமும் உண்டு. வேலை வீட்டுக்குப் போகுங்கால் அதன் செலவும் உடன் போகின்றது. தறி கிடக்கும் இடம், விளக்கொளி, அச்சும் நாடாவும் பழுதாகும்போது செய்யும் செலவு ஆகியவற்றை யார் ஏற்பது? தறி நெசவாளருடையதாயின், பெரும்பாலும் அவரே ஏற்க வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது மருதமுனையில் வீடுகளோடு தறிகளும் அழிந்தன. வாழுமிடமும் பிழைக்கும் வழியும் ஒரே கூரையின் கீழ் இருந்தமையால், இரண்டும் ஒரே காலைப் பொழுதில் பறிபோயின.

கந்தோர் வேலைக்கும் இது பொருந்தும். கணினி, இணையக் கட்டணம், மின்சாரம் ஆகியவற்றை ஊழியரின் தலையிலே சுமத்திவிட்டுக் கட்டடச் செலவு மிஞ்சியதென்று மகிழும் நிறுவனம், தன் கடனைப் பிறர் கணக்கில் எழுதுகின்றது. 2022 மார்ச் மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்துண்டிப்பு நிகழ்ந்தது. அத்தகைய நாளில் வேலை தடைப்படின் அதற்கு ஊழியர் பொறுப்பாவாரா என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட வேண்டியது. பல்கலைக்கழகங்கள் 2020 இல் நேர்வழி மேற்கொண்டன. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட அரச பல்கலைக்கழகங்களின் மாணவர், லேர்ன் என்னும் உயர்கல்வி வலையமைப்பின் வழியாகக் கட்டணமின்றி இணைய விரிவுரைகளைக் கேட்க ஏற்பாடு செய்யப்பட்டது. செலவை யார் ஏற்பது என்னும் வினாவுக்கு நிறுவனமே விடை கண்டமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

செலவினும் நுண்ணியது உழைப்பு. துணிக்குக் கூலி பெறுபவர் ஒருவர். அத்துணிக்காகத் தார் சுற்றியவர் மனைவியோ, மகளோ, முதிய தாயோ ஆவர். அவர் பெயர் கணக்குப் புத்தகத்தில் இல்லை. பெருநாள் அண்மித்து வேலை மிகுங்கால் இரவும் பகலாகின்றது. வீட்டிலிருந்து கந்தோர் வேலை பார்க்கும் பெண்ணின் நிலையும் வேறன்று. அடுப்பும் குழந்தையும் ஒருபுறம், கணினித் திரை மறுபுறமாக அவள் நாள் நீளுகின்றது. வீட்டு வேலையாளர் ஏனைய ஊழியரோடு ஒப்ப நடத்தப்பட வேண்டுமென்று சர்வதேசத் தொழில் நிறுவனம் 1996 இல் 177 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியதன் காரணம் இதுவே. ஆகலின், வேலையைப் பொருளால் அளப்பது மட்டும் போதாது. நேரத்துக்கும் எல்லை வேண்டும். 1954 ஆம் ஆண்டுச் சட்டம் காத்த அந்த 8 மணித்தியாலம் வீட்டு வாயிலில் அழிந்துவிடலாகாது.

கூடியிருத்தலின் பயன்

இளையோர் நெசவைக் கற்பது தறியின் அருகே இருந்துதான். அறுந்த இழையை முடியும் விரலை நேரே கண்டாலன்றி அவ்வித்தை கைவராது. தனித்தே இருப்பவர்க்குக் கூலி நிலவரமும் சந்தை நிலவரமும் பிந்தியே எட்டும்.

இதனை அண்மைக்கால ஆய்வுகளும் ஒருவாறு உறுதி செய்கின்றன. நிக்கொலஸ் புளூம் என்னும் பொருளியலறிஞரும் அவர்தம் துணைவரும் சீன நாட்டுச் சீட்ரிப் என்னும் பயண நிறுவனத்தில் நிகழ்த்திய ஆய்வு 2015 இல் வெளியாயிற்று. தொலைபேசி அழைப்புகளுக்கு விடையளிக்கும் ஊழியர் ஒன்பது மாதம் வீட்டிலிருந்து பணியாற்றினர். அவர்தம் வேலைத்திறன் நூற்றுக்கு 13 வீதம் உயர்ந்தது. ஆயினும் ஆய்வு முடிந்தபின் அவருள் ஏறக்குறைய பாதிப்பேர் கந்தோருக்கே மீண்டனர். தனிமை அவரை வருத்தியது. அந்நிறுவனத்திலேயே 1,612 ஊழியரிடையே நிகழ்ந்த மற்றோர் ஆய்வு 2024 இல் வெளியாயிற்று. வாரத்தில் இருநாள் வீட்டிலும் ஏனைய நாள் கந்தோரிலும் பணியாற்றியோரின் திறன் குன்றவில்லை. வேலையை விட்டு நீங்குவோர் தொகையோ மூன்றிலொரு பங்கு குறைந்தது. இரண்டிடத்தும் கலந்து பணிபுரியும் முறையே பொருத்தமானது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மக்கள் பணியும் கலப்பு முறையும்

இம்முறையைப் பொதுமக்கள் வந்து செல்லும் கந்தோர்களில் கைக்கொள்ளும்போது ஒன்றை மறத்தலாகாது. பிரதேச செயலகத்துக்கு வரும் மீனவர்க்கும் நெசவாளர்க்கும் அன்றைய வரவு அன்றைய கூலியின் இழப்பாகும். தாம் தேடிவந்த உத்தியோகத்தர் இன்று வீட்டில் இருக்கின்றார் என்னும் விடை அவரைப் பிறிதொரு நாள் வரச் செய்யும். மற்றொரு நாட்கூலியும் போகும். ஆதலால் மக்களைச் சந்திக்கும் நாட்களை நிலையாக வகுத்து, அந்நாட்களில் அனைவரும் கந்தோரில் இருத்தல் வேண்டும். கணக்கு, அறிக்கை, கடித வரைவு போன்றவற்றையே வீட்டுக்கு ஒதுக்குதல் தகும். ஒருவர் இல்லாதவிடத்து மற்றவர் தொடரக்கூடியவாறு கோப்பும் பொதுவில் அமைதல் வேண்டும்.

1977 இற்குப் பின்னர் இறக்குமதித் துணிகள் மலிந்து கைத்தறித் தொழில் நலிந்தது. எனினும் மருதமுனையில் தறியொலி அடங்கிவிடவில்லை. நூல் கொடுப்பவரும் நெய்பவரும் ஒருவர் கணக்கை ஒருவர் நம்பியமையாலேயே வீடும் தொழிலும் அங்கு இணைந்து நின்றன. அக்கணக்கிலே தார் சுற்றியவரின் பெயர் மட்டும் விடுபட்டுப் போயிற்று. வீட்டை நோக்கி வேலையை அனுப்பும் இன்றைய நிறுவனங்கள், அப்பெயரையும் எழுதத்தக்க புத்தகமொன்றைத் திறத்தல் வேண்டும்.