கூலிங் டவர்: மருந்தை நிறுத்தும் முன் கேட்க வேண்டியவை

“இனிமேல் கெமிக்கல் செலவே இல்லை. இந்தப் பெட்டியைக் குழாயில் மாட்டினால் போதும்.” ஐஸ் ஃபேக்டரி, சாயப்பட்டறை, குளிர்பதனக் கிடங்கு என்று கூலிங் டவர் ஓடுகிற இடங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல.

மூன்று வேலை

டவரில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அதனால் கண்டென்சர் குழாயில் படிவு ஏறும், இரும்பு அரிக்கும், வெதுவெதுப்பான நீரில் பாசியும் கிருமியும் பெருகும். டோசிங் பம்ப் விடும் மருந்துகள் இந்த மூன்றையும் தடுக்கின்றன. ஆகவே விற்க வருபவரிடம் முதல் கேள்வி: மூன்றில் எதை உங்கள் கருவி செய்யும்? சாஃப்ட்னர் படிவைக் குறைக்கும், கிருமியைத் தொடாது. ஓசோன் கிருமியைக் கொல்லும், படிவுக்கு அதை நம்ப முடியாது. யு.வி. விளக்கு தன்னைக் கடக்கிற நீரை மட்டும் சுத்தமாக்கும். மூலையில் ஒட்டிய பாசிப்படலத்தை எட்டாது.

மருந்தைக் கைவிட நினைப்பதிலும் நியாயம் உண்டு. கலிபோர்னியாவின் ஹிங்க்லியில், 1952 முதல் 1966 வரை, எரிவாயு நிலையத்தின் கூலிங் டவரில் அரிப்பைத் தடுக்கக் கலந்த குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியது. 1996-ல் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனம் 33.3 கோடி டாலர் கொடுத்து ஊர்மக்களின் வழக்கை முடித்தது.

பணம் எங்கே மிச்சம்?

பெரிய மிச்சம் மருந்து பில்லில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. நாளுக்கு 1 லட்சம் லிட்டர் ஆவியாகும் டவரில், சுற்றும் நீரின் உப்பு புது நீரைப்போல 3 மடங்கானதும் வெளியேற்றினால் ப்ளோடவுன் (வெளியே விடும் உப்பு நீர்) 50,000 லிட்டர். 6 மடங்குவரை தாங்கினால் 20,000 லிட்டர் போதும். ஆனால் அந்த உப்பில் படிவு ஏறினால் கம்ப்ரஸர் கூடுதல் கரண்டைத் தின்னும். மிச்சம் கரண்ட் பில்லில் போய்விடும்.

கிருமி விஷயத்தில் விளையாடக்கூடாது

அமெரிக்காவின் குளிர்சாதனப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரேவுக்காக, காந்தம், மீயொலி உள்ளிட்ட ஐந்து வகை மருந்தில்லாக் கருவிகளைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் மாதிரி டவர்களில் சோதித்தார்கள். அவர்கள் அறிக்கையின் முடிவு: ஒன்றுகூடக் கிருமியைக் குறிப்பிடும்படி கட்டுப்படுத்தவில்லை, குளோரின் கட்டுப்படுத்தியது. டவரிலிருந்து பறக்கும் நுண்துளியில் லீஜியோனெல்லா என்னும் கிருமி இருந்தால் மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். 2015-ல் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் ஓர் ஓட்டலின் டவரிலிருந்து பரவி 138 பேர் நோயுற்றார்கள். 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகே அந்நகரில் எல்லா டவரையும் பதிவு செய்யச் சட்டம் வந்தது.

ஏமாந்தால் எங்கே போவது?

நுகர்வோர் நீதிமன்றம் கைகொடுக்கும் என்று இருந்துவிடாதீர்கள். வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை; சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவருக்குத்தான் விலக்கு. மற்றவர்களுக்கு வழி, 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. தேவையைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால் பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். ஆனால் ‘இன்ன பிராண்ட், ஒரு கருவி’ என்று பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் அந்தப் பாதுகாப்பு நழுவிவிடும். பர்ச்சேஸ் ஆர்டரில் இவற்றை எழுதுங்கள்:

• நம் தண்ணீரின் டிடிஎஸ், கடினத்தன்மை. எட்ட வேண்டிய மிச்சம் எவ்வளவு என்ற எண்.
• படிவு, அரிப்பு, கிருமி மூன்றுக்கும் தனித்தனி வரம்பு. அரிப்பை அறிய இரும்பு, செம்புக் கூப்பன்களை (சிறு தகடுகளை) நீரில் தொங்கவிட்டு எடை பார்க்க வேண்டும். கிருமியை இரு தரப்பும் ஏற்ற வெளி லேபில் சோதிக்க வேண்டும்.
• கோடையும் உட்பட்ட மூன்று மாதச் சோதனை ஓட்டம். வரம்பு மீறினால் கருவியைத் திரும்ப எடுத்துப் பணம் தரும் உறுதி.

ஒப்பந்தம் மீறப்பட்டால் மூன்று ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போட வேண்டும். ஆய்வறிக்கை, லாக் புத்தகம், கரண்ட் பில் எல்லாம் சாட்சி.

வாங்கியவருக்கு மட்டுமல்ல, மற்றவர்களுக்கும் வழி உண்டு. ப்ளோடவுன் நீர் வாய்க்காலில் வந்தால் அக்கம்பக்கத்தார் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் தரலாம். டவர் சுத்தம் செய்கிற தொழிலாளி, பாதுகாப்பு முகக்கவசமின்றி இறங்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அதைக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.

சோதனை முடியும்வரை பழைய டோசிங் பம்பைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். நல்ல கருவியை விற்பவர் அது பக்கத்திலேயே நிற்பதைப் பொருட்படுத்த மாட்டார்.